ராஜகிரி இடம் மாறிய படம்

"என் வீட்டுக்காரரைக் காணோம் மேடம்," என்றாள் மோனிகா. "ஆனா தெனம் காலையில ஊருக்கே மெசேஜ் போடறாரு."

"காணாமப் போன ஆளு இவ்ளோ பொறுப்பா இருந்து நான் பாத்ததே இல்லை," என்றான் செந்தமிழன்.

அமிர்தவல்லி ஒரு பார்வை பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

செஞ்சி பஜாரில் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது அந்தத் துப்பறியும் அலுவலகம். அமிர்தவல்லி இன்ஷூரன்ஸ் கம்பெனியில் எரிந்துபோன குடோன்களையும் செத்துப்போன மாடுகளையும் நேரில் போய்ப் பார்த்து, உண்மையா பொய்யா என்று சொல்லும் வேலையில் இருந்தவள். அதை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தாள். செந்தமிழன் அவளுக்கு உதவியாளன், ஓட்டுநர், சில நாட்களில் தலைவலி. உள்ளூர்க்காரன் என்பதால் அந்தத் தலைவலியைப் பொறுத்துக்கொண்டாள்.

மார்கழி மாதப் பகல். ஜன்னல் திறந்திருந்தும் காலண்டர் தாள் அசையவில்லை. வெயிலும் இல்லை, மழையும் இல்லை. வானம் பழைய அலுமினியப் பாத்திரம் போல மங்கிக் கிடந்தது. காலையிலிருந்தே தெருவில் நாய்கள் ஒரு மாதிரி அலைந்துகொண்டிருந்தன.

மோனிகாவின் கணவன் ரஞ்சித். செஞ்சிக்கு மேற்கே நாவல்மேடு கிராமத்துக்காரன். விவசாயம் போக மீதி நேரமெல்லாம் வானிலைதான். கம்ப்யூட்டரில் உருண்டையாகச் சுழலுமே ஒரு பூமி, அதில் ஊரைக் கண்டுபிடித்து, அதன்மேல் மழை ரேடார் படத்தைப் போர்வை போலப் போர்த்துவான். மழை இருக்கும் இடத்தில் நிறம் தெரியும். நீலம் என்றால் தூறல். மஞ்சள் என்றால் நல்ல மழை. சிவப்பு என்றால் ஆடுமாட்டை அவிழ்த்துவிட வேண்டும். அந்தப் படத்தை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுவான். நாவல்மேட்டில் அவன் படத்தைப் பார்க்காமல் யாரும் நெல்லைக் காயப்போட மாட்டார்கள்.

"முந்தாநாளு சாயங்காலம் ஏரிக்கரைப் பக்கம் போனாரு. திரும்பி வரலை. போன் பண்ணா ஸ்விட்ச் ஆஃப். ஆனா காலையில குரூப்ல படம் வருது. நேத்தும் வந்துச்சு, இன்னிக்கும் வந்துச்சு. ஸ்டேஷன்ல சொன்னா, 'தெனம் போஸ்ட் போடறவரு எப்படிம்மா காணாமப் போவாரு'ன்னு கேக்கறாங்க."

"வேற பொண்ணு சமாச்சாரம் எதுவும் இருக்குமோன்னுதான் எனக்குக் கவலை," என்று பக்கத்தில் நின்றவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இல்லைன்னா சென்னையில டிவி சேனல்ல வேலை கெடைச்சிருக்கும். நாலு நாள்ல வந்து நிப்பான் பாருங்க."

அவர் பாண்டுரங்கன். நாவல்மேட்டு ஏரிச் சங்கத்தின் தலைவர். ஏரிக்கரையைப் பலப்படுத்தும் காண்ட்ராக்டும் அவருடையதுதான். மோனிகாவுக்கு மாமா முறை. அவள் அழுவதைப் பார்க்க முடியாமல் தன் காரில் கூட்டி வந்ததாகச் சொன்னார். வெள்ளைச் சட்டை. வலது கையில், இன்னும் உறையைக்கூடப் பிரிக்காத ஒரு மழைக் கோட்டு.

"இன்னா சார், கல்யாணப் பரிசா?" என்றான் செந்தமிழன், கோட்டைக் காட்டி.

பாண்டுரங்கன் சிரித்தார். "சம்சாரம் குடுத்து அனுப்புச்சு. மழை எங்க வரப்போவுது? அதான் நம்ம ரஞ்சித்தே போட்டுட்டானே."

மோனிகா தன் போனை நீட்டினாள். அன்று காலை வந்த செய்தி. 'நாவல்மேடு மக்களுக்கு வணக்கம். ரேடாரில் செஞ்சி சுத்தமாக இருக்கிறது. மழை இல்லை. ஏரிக்கரையில் காவல் தேவையில்லை. வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள்.' கீழே ஒரு படம்.

"இது அவரு எழுத்து இல்லை மேடம். 'மழை இல்லை'ன்னு அவரு எழுதினதே கெடையாது. 'ரேடார்ல தெரியலை, ஆனா கண்ணைத் தொறந்து வெச்சிருங்க'ன்னுதான் எழுதுவாரு. வானத்துக்காக நான் சத்தியம் பண்ண மாட்டேன்னு சொல்லுவாரு."

"காவலுக்கு யாரு இருந்தாங்க?"

"ஏரி நெரம்பிக் கெடக்குது. அதனால ஊரு ஆளுங்க மாத்தி மாத்திக் கரையில இருந்தாங்க. இந்த மெசேஜைப் பாத்துட்டு எல்லாம் வீட்டுக்குப் போயிட்டாங்க."

பாண்டுரங்கன் காரின் சாவியை விரலில் சுழற்றினார். "போலாமா மோனிகா? எனக்கு ஏரியில வேலை இருக்குது. மேடம் பாத்துக்குவாங்க."

மோனிகா தயங்கினாள். பிறகு படங்களைச் செந்தமிழனின் போனுக்கு அனுப்பிவிட்டு எழுந்தாள். அமிர்தவல்லி ஜன்னலருகே போய்க் கீழே பார்த்தாள். பாண்டுரங்கன் பின் கதவைத் திறந்து மோனிகாவை உட்காரவைத்தார். கதவைச் சாத்தினார். பிறகு கைப்பிடியை ஒருமுறை இழுத்து, அது திறக்கவில்லை என்று பார்த்துவிட்டு முன்னால் போய் ஏறினார்.

"ரொம்ப அக்கறையான மாமா," என்றான் செந்தமிழன்.

"ஆமா," என்றாள் அமிர்தவல்லி. "படத்தைப் பெரிசா போடு."

கம்ப்யூட்டர் திரையில் இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நேற்றையது, இன்றையது. இரண்டிலும் பாறை மலைகள் எழுந்து நின்றன. அவற்றுக்குப் பின்னால் வயல்கள், அதற்கும் பின்னால் வெகு தூரத்தில், கடலோரத்தில், சிட்டிகை அளவு நீலம். வேறு நிறமே இல்லை.

"சுத்தமாத்தான் இருக்குது," என்றான் அவன். போனில் வானிலை ஆப்பிலும் பார்த்தான். "இதுலயும் செஞ்சிக்கு மேகத்துக்குள்ள இருந்து சூரியன் எட்டிப் பாக்குது. பல்லு வெளக்கிட்டு சிரிக்கிற மாதிரி."

"அவரோட பழைய படம் எதாவது எடு."

மோனிகா பழைய படங்களையும் சேர்த்தே அனுப்பியிருந்தாள். அமிர்தவல்லி ஒவ்வொன்றாகத் தள்ளினாள். எல்லாமே நேர் உச்சியிலிருந்து, பருந்து பார்ப்பதுபோல் எடுத்தவை. நாவல்மேடு நடுவில், வடக்கு மேலே. ஒன்றில்கூட மாற்றமில்லை.

"ரெண்டு வருஷமா மேல இருந்து பாத்த ஆளு, ரெண்டு நாளா தரையில இறங்கிட்டாரு. ஏன்?"

"எறங்கினதோட விட்டாரா?" செந்தமிழன் திரையருகே முகத்தைக் கொண்டுபோனான். அவன் குரலில் கேலி குறைந்திருந்தது. "மேடம், இதுல ஒரு தப்பு இருக்குது. ராஜகிரி எடம் மாறி நிக்குது."

"என்ன சொல்ற?"

"நான் பொறந்ததுல இருந்து பாக்கறேன். பஸ் ஸ்டாண்டுல நின்னா எடது கைப் பக்கம் ராஜகிரி, வலது கைப் பக்கம் கிருஷ்ணகிரி. பள்ளிக்கூடத்துல படம் வரைஞ்சாக்கூட அப்படித்தான் வரைவோம். இங்க பாருங்க. ராஜகிரி வலது பக்கம் நிக்குது. யாரு தூக்கி மாத்தி வெச்சாங்க? டூரிசம் காரங்களா?"

அமிர்தவல்லி நாற்காலியில் சாய்ந்தாள்.

"மலை நகரலை தமிழு. பாக்கற ஆளுதான் நகந்திருக்கான். நாம ஊருக்குள்ள இருந்து மேற்கே பாக்கறோம். இவன் மேற்கே இருந்து ஊரைப் பாக்கறான்."

அமிர்தவல்லி இரண்டு படங்களையும் மறுபடி பார்த்தாள்.

"அவருகிட்ட யாரோ படம் போடச் சொல்றாங்க. எழுத்து அவங்களோடது. ஆனா படம் இவரோடது. எங்க இருக்கேன்னு வாயால சொல்ல முடியலை. அதனால இருக்கிற எடத்துலயே நின்னு பாக்கற மாதிரி படத்தை எடுத்திருக்காரு. அந்தப் பூமியை ஓடவிடு."

ரஞ்சித்தின் ரேடார் போர்வை அவர்களிடம் இல்லை. ஆனால் மலைகள் இருந்தன. அது போதும். செந்தமிழன் உருண்டையைச் சுழற்றிச் செஞ்சிக்கு வந்து, படுக்கவைத்து, மேற்குப் பக்கத்திலிருந்து பார்க்க வைத்தான். இடது பக்கம் கிருஷ்ணகிரி, வலது பக்கம் ராஜகிரி. ரஞ்சித்தின் படத்தில் இரண்டுக்கும் நடுவே, தூரத்தில், மூன்றாவது மலையான சந்திரகிரியின் தலை மட்டும் எட்டிப் பார்த்தது. தெற்கே கொஞ்சம் நகர்ந்தால் அது ராஜகிரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. வடக்கே நகர்ந்தால் கிருஷ்ணகிரிக்குப் பின்னால் போய்விட்டது. அது சரியாக நடுவில் வந்து நின்றபோது, அப்படியே பின்னால் பின்னால் போகச் சொன்னாள் அமிர்தவல்லி. மலைகள் படத்தில் இருந்த அளவுக்குச் சுருங்கின.

"நிறுத்து. கீழ என்ன இருக்குது?"

ஒரு பெரிய ஏரி. அதன் வடக்குக் கோடியில் மேட்டின்மேல் நீளமான தகரக் கூரை. முன்னால் சிமென்ட் களம்.

"மூடிப்போன ரைஸ் மில்லு," என்றான் செந்தமிழன். "அது நாவல்மேட்டு ஏரிதான் மேடம்."

அமிர்தவல்லி மோனிகாவின் எண்ணை அழுத்தினாள். காதில் வைத்துக்கொண்டே பையை எடுத்தாள். பிறகு போனை இறக்கினாள்.

"ஸ்விட்ச் ஆஃப்."

செந்தமிழன் பைக் சாவியை எடுத்தான்.

பஸ் ஸ்டாண்டு வாசலில் வண்டியை நிறுத்தவேண்டி வந்தது. மேல்மலையனூரிலிருந்து வந்த பஸ் ஒன்று குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. பட்டப்பகலில் அதன் ஹெட்லைட் எரிந்தது. ஜன்னல் உயரத்துக்குச் சேறு. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி, புழுதிபடிந்த தார் ரோட்டில் கறுப்புக் கோடு போட்டுக்கொண்டே வந்தது. இறங்கிய பெண்கள் முந்தானையைப் பிழிந்தார்கள். சுற்றி நின்றவர்கள் வானத்தைப் பார்த்தார்கள், பஸ்ஸைப் பார்த்தார்கள்.

"இன்னாண்ணே, பஸ்ஸை ஏரிக்குள்ள ஓட்டினீங்களா?" என்று கண்டக்டரைக் கேட்டான் செந்தமிழன்.

"நீ வேறப்பா. அங்க வானம் பொத்துக்கினு ஊத்துது. வளத்தி வரைக்கும் ரோடே தெரியலை. இங்க இன்னா, ஒரு சொட்டுகூட இல்லை?"

செந்தமிழன் திரும்பினான். பின்னால் உட்கார்ந்திருந்த அமிர்தவல்லியின் முகம் வெளுத்திருந்தது.

"வேகமா போ தமிழு."

திருவண்ணாமலை ரோடு கோட்டைச் சுவர்களுக்கு நடுவே போனது. எப்போதும் சுவர்மேல் உட்கார்ந்து வண்டிகளை எடைபோடும் குரங்குகளில் ஒன்றைக்கூடக் காணோம். காற்று நின்றிருந்தது. ராஜகிரியின் உச்சிக்குப் பின்னால், மேற்கு அடிவானத்தில், மலைபோலவே இன்னொன்று கறுத்து நின்றது. அது மலை இல்லை என்பதைப் புரிந்துகொள்ள செந்தமிழனுக்குச் சற்று நேரம் பிடித்தது. அதற்குப் பிறகு அவன் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

ரைஸ் மில்லின் கதவு துருப்பிடித்திருந்தது. பூட்டு புதுசு. களத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கனத்த உடம்புக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பைக்கைப் பார்த்ததும் எழுந்தார்.

"ஈ.பி. லைன் செக்கிங்," என்றான் செந்தமிழன். "மில்லு மூடிக் கெடக்குது, மீட்டர் மட்டும் ஓடுது. உள்ள பேய் இன்னா நெல்லா அரைக்குது?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லை. கெளம்பு."

அதற்குள் உள்ளேயிருந்து கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். "யாரு? யாரு அது? கதவைத் தொறங்க!"

காவல்காரர் குனிந்து கடப்பாரையை எடுத்தார். செந்தமிழன் ஓரடி பின்வாங்கினான். அமிர்தவல்லி பின்வாங்கவில்லை.

"உங்க பேரு?"

அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. "சேரன்," என்றார்.

"வீடு எங்க?"

"நாவல்மேடு. எதுக்கு?"

"ஏரிக்கரைக்குக் கீழயா?"

"மொதல் தெரு."

"வீட்ல யாரு இருக்காங்க?"

சேரன் கடப்பாரையைத் தாழ்த்தினார். "பொண்ணு. பிரசவத்துக்கு வந்திருக்குது. கைக்கொழந்தை."

"இவரை எதுக்கு அடைச்சு வெக்கச் சொன்னாங்க?"

"ஏரி வேலையைக் கெடுக்கறதுக்குப் பொரளி கெளப்பறானாம். ஆபீசருங்க வந்து பாத்துட்டுப் போற வரைக்கும் வெச்சிருன்னு சொன்னாரு. நான் அடிக்கலைம்மா. வேளாவேளைக்குச் சோறு குடுத்தேன்."

"மேற்கே பாருங்க சேரன்."

அவர் பார்த்தார். அன்று முழுவதும் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவர், இப்போதுதான் முதல்முறையாக முதுகுப் பக்கம் திரும்பினார்.

"உள்ள இருக்கிற ஆளுகிட்ட ஒரே ஒரு படம் காட்டச் சொல்றேன். அதைப் பாத்துட்டு அப்புறமும் பூட்டணும்னா, எங்களையும் சேத்துப் பூட்டிக்குங்க."

சேரன் சாவியை எடுத்தார்.

உள்ளே தவிட்டு மூட்டைகளின்மேல் ஒரு லேப்டாப். பக்கத்தில் தாடி முளைத்த முகத்தோடு ரஞ்சித். வெளிச்சத்தில் கண்களைச் சுருக்கிக்கொண்டான். யார், எதற்காக வந்தார்கள் என்று அமிர்தவல்லி இரண்டு வாக்கியத்தில் சொன்னாள்.

"ராஜகிரியைப் பாத்தீங்களா?" என்றான். "யாராவது பாப்பாங்கன்னு நெனைச்சேன். மோனிகா எங்க மேடம்?"

"எங்க ஆபீசுக்கு வந்தாங்க. பாண்டுரங்கனோட கார்ல திரும்பிப் போனாங்க."

ரஞ்சித் மூட்டையைப் பிடித்துக்கொண்டான். "அவரோட கார்லயா?"

"பாண்டுரங்கனா?" செந்தமிழன் திகைத்தான். "அவருதானே கூட்டிக்கினு வந்தாரு? கண்ணுல தண்ணி வராத கொறைதான்!"

"கையில கோட்டு வெச்சிருந்தாரே," என்றாள் அமிர்தவல்லி. "மழை இல்லைன்னு ஊரே நம்பி வீட்ல படுத்திருக்குது. நம்பறதா நம்மகிட்ட சொன்னவரு மட்டும் புதுசா மழைக் கோட்டு வாங்கி வெச்சிருக்காரு. படத்தோட மறுபக்கத்தைப் பாத்தவரு அவரு ஒருத்தர்தான்."

ரஞ்சித் தலையசைத்தான். வார்த்தைகள் அவசரமாக வந்தன. பூமி உருண்டையில் பழைய வருடப் படங்களும் இருக்கும். ஏரிக்கரையைப் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, கரையின் பின்பக்கத்தில், நடுவில், பாதிக்குமேல் மண் காணாமல் போயிருந்தது. பலப்படுத்த வேண்டிய மண்ணை அவரே வெட்டி விற்றிருக்கிறார். ஊர்ப் பெரியவர் என்று நம்பி அவரிடமே போய்க் கேட்டான். அன்று மாலை அவனை இங்கே கொண்டுவந்தார்கள்.

"அடுத்த வாரம் கரையை அளக்க ஆபீசருங்க வர்றாங்க மேடம். கரை இருந்தா மாட்டிக்குவாரு. வெள்ளத்துல கரை போயிட்டா, அளக்கறதுக்கு இன்னா இருக்குது? மழைமேல பழியைப் போட்டுடலாம். ஆனா கரையில காவல் இருக்கக் கூடாது. அதுக்குத்தான் என் படம். தெனம் காலையில வந்து பக்கத்துல உக்காந்துக்குவாரு. 'உன் பொண்டாட்டி என்னை நம்பித்தான் இருக்குது, பாத்துப் போடு'ன்னு சொல்லுவாரு."

"படத்துல பொய் சேத்தியா?"

"ஒரு புள்ளிகூட மாத்தலை. மேற்கே தெரியக் கூடாதுன்னாரு. சரின்னு மேற்குக்கு முதுகைக் காட்டிக்கினு நின்னு படம் எடுத்தேன். எங்க நிக்கறேன்னு தெரியட்டும்னுதான் தரையிலேயே எறக்கினேன். காலையில எனக்குப் பின்னாடி மஞ்சள்தான் இருந்துச்சு. இப்ப எப்படின்னு தெரியலை. நெட்டு அவரு போன்லதான் வரும்."

சேரன் தன் போனை எடுத்து இணைப்பைப் போட்டு மூட்டைமேல் வைத்தார்.

புதுப்படம் மெதுவாக இறங்கியது. திரையில் அதே மலைகள், அதே சுத்தமான வயல்கள். ரஞ்சித் விரலை வைத்து உருண்டையைத் திருப்பினான். கிருஷ்ணகிரி நகர்ந்து வெளியே போனது. ராஜகிரி போனது. ஏரி வந்தது, அதன் மறுகரை வந்தது, பிறகு மேற்கு வந்தது.

திரை முழுவதும் சிவப்பு. மேல்மலையனூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே குன்றுகள் வரைக்கும் இடைவெளி இல்லாத சிவப்பு. நடுவில் சில இடங்களில் சிவப்பும் தாண்டி, ரத்தம் உறைந்ததுபோல் ஒரு நிறம்.

தகரக் கூரை எங்கோ லேசாக அதிர்ந்தது.

"இந்தச் செவப்பு எப்ப இங்க வரும் தம்பி?" என்று கேட்டார் சேரன்.

"இது வராதுண்ணே. அங்கேயே ஊத்திக்கினு இருக்கும். தண்ணிதான் வரும். அத்தினி ஓடையும் நம்ம ஏரிக்குத்தான்."

கடப்பாரை சேரனின் கையிலிருந்து நழுவிச் சிமென்டில் விழுந்தது. அவர் வாசலைத் தாண்டி ஓட ஆரம்பித்திருந்தார்.

ரஞ்சித் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தான். உருண்டையை உச்சிக்குத் தூக்கி நிறுத்தினான். வடக்கு மேலே. நாவல்மேடு நடுவில். சிவப்பு முழுவதும் தெரிய. அதை ஊர்க் குழுவில் போட்டு, கீழே தட்டினான்: 'நான்தான் ரஞ்சித். ரெண்டு நாளா வந்த எழுத்து என்னோடது இல்லை. மேற்கே பாருங்க. கொழந்தைங்களையும் வயசானவங்களையும் பள்ளிக்கூடத்துக்கு ஏத்துங்க. ஆம்பளை பொம்பளை எல்லாரும் கரைக்கு வாங்க.' அமிர்தவல்லி மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கும் போலீசுக்கும் பேசி முடிப்பதற்குள், சேரனின் போன் மூட்டைமேல் நிற்காமல் அதிர ஆரம்பித்தது. ஊர் விழித்துவிட்டது.

மூவரும் ஒரே பைக்கில் கரைமேல் போனார்கள்.

கரையின் நடுவில் ஒரு ஜேசிபி நின்றது. அதன் கை மண்ணுக்குள் இறங்கி, அள்ளி, மேலே வந்தது. பக்கத்தில் பாண்டுரங்கன் மழைக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். அந்தக் கரையில் இன்னும் ஒரு துளி விழவில்லை. சற்றுத் தள்ளி அவர் கார். பின் கண்ணாடியில் மோனிகாவின் இரண்டு உள்ளங்கைகளும் ஒட்டியிருந்தன.

ரஞ்சித் வண்டி நிற்கும் முன்பே குதித்தான். ஒரு கருங்கல்லால் காரின் முன் கதவுக் கண்ணாடியை உடைத்து, கையை விட்டுப் பூட்டைத் திறந்து மோனிகாவை வெளியே கொண்டுவந்தான்.

"கலங்கல் அடைச்சிக்கிச்சு!" என்று கத்தினார் பாண்டுரங்கன், அமிர்தவல்லியைப் பார்த்து. "தண்ணி போக வழி பண்றேன். ஊரைக் காப்பாத்தறேன் மேடம்!"

"உபரித் தண்ணி போற கலங்கல் தெற்குக் கோடியில இருக்குது. நீங்க வெட்டறது நடுக்கரை. இதுக்குக் கீழ மொதல் தெரு."

ஜேசிபி டிரைவர் அதைக் கேட்டான். இன்ஜினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். "இன்னா சார், கலங்கல்னுதானே சொன்னீங்க?" செந்தமிழன் ஏறிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டான். "எறங்குப்பா, உனக்கும் வீடு வாசல் இருக்கும்."

பாண்டுரங்கன் கரையின் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு பக்கம் ஊர் ஏறி வந்துகொண்டிருந்தது. மண்வெட்டியும் உரச்சாக்குமாக முன்னால் நாலுபேர், பின்னால் நாற்பதுபேர், அதற்கும் பின்னால் தெருவே. மறுபக்கம் ஏரி. ஏரிக்கு அப்பால் ஒரு சத்தம் கேட்டது. தூரத்தில் லாரிகள் வரிசையாக வருவதுபோல. அது லாரிச் சத்தம் இல்லை என்று அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. அவர் ஓடவில்லை. ஓட இடமில்லை. மண்மேட்டில் உட்கார்ந்துவிட்டார்.

தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது. வேரோடு பிடுங்கிய பனைமரம் ஒன்று முன்னால் மிதந்து வந்தது. மதகுகளைத் திறந்தார்கள். கலங்கல் வெள்ளையாகப் பாய்ந்தது. ஆனாலும் ஏரி படிக்கல் படிக்கல்லாக ஏறியது. வெட்டிய பள்ளத்தில் மூட்டை அடுக்கினார்கள். கரை இளைத்திருந்த இடத்தில், பின்பக்கம், மண்ணிலிருந்து தண்ணீர் வியர்வைபோலக் கசிந்தது. பெண்கள் வரிசையாக நின்று மூட்டையைக் கைமாற்றினார்கள். மோனிகா அந்த வரிசையில் நின்றாள், ரஞ்சித் அவளுக்கு அடுத்து நின்றான். ஒவ்வொரு மூட்டையைக் கொடுக்கும்போதும் அவள் அவன் விரலை ஒரு கணம் பிடித்துவிட்டுத்தான் விட்டாள்.

மகளையும் பேரக்குழந்தையையும் பள்ளிக்கூட மாடியில் சேர்த்துவிட்டுத் திரும்பிவந்த சேரன், கசிவு இருந்த இடத்தில் இடுப்பளவு சேற்றில் இறங்கி நின்றார். இரண்டு மூட்டைகளை ஒரே நேரத்தில் தோளில் ஏற்றிக்கொண்டு போனார். பக்கத்தில் நின்ற செந்தமிழன் ஒரு மூட்டைக்கே மூச்சு வாங்கினான்.

பொழுது சாயும் நேரத்தில் செஞ்சிக்கும் மழை வந்தது. அப்போது ஏரி, கரையின் விளிம்புக்கு ஒரு ஜாண் கீழே நின்றது. அங்கேயே நின்றது. பிறகு மதகுக் கல்லில் ஈரக்கோடு ஒரு விரல் அளவு வெளியே தெரிந்தது. அதைப் பார்த்த கிழவர் ஒருவர் கல்லைத் தொட்டு, விரலைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். யாரும் ஆரவாரம் செய்யவில்லை. கரை இன்னும் கசிந்துகொண்டிருந்தது.

போலீஸ் ஜீப் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் அன்புச்செல்வன் இறங்கி, பாண்டுரங்கனை ஏற்றச் சொன்னார். மழைக் கோட்டோடு ஜீப்பில் ஏறியவர், இளைத்துப்போன அந்தக் கரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அது விழாமல் நின்றதுதான் அவருக்கு எதிரான சாட்சி.

"ரஞ்சித்தை அடைச்சு வெச்சது யாரு?" என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர்.

சேரன் சேற்றிலிருந்து ஏறி வந்து இரண்டு கைகளையும் நீட்டினார். ஊர் ரஞ்சித்தைப் பார்த்தது.

"இவருதான் சார் என்னைப் பூட்டி வெச்சாரு," என்றான் ரஞ்சித். "அதை நான் மறைக்கலை. வேளைக்குச் சோறும் குடுத்தாரு. கடைசியில பூட்டைத் தொறந்து விட்டவரும் இவருதான். மூணையும் எழுதிக்குங்க. ஒண்ணை விட்டுட்டு ஒண்ணை எழுதாதீங்க."

சேரன் தலையைக் குனிந்துகொண்டார். கைகள் நீட்டியபடியே இருந்தன.

"வர்றேன் சார். ஆனா அந்தக் கசிவுக்கு இன்னும் மூட்டை போட வேண்டியிருக்குது. போட்டு முடிச்சுட்டு வரட்டா?"

அன்புச்செல்வன் கசியும் கரையைப் பார்த்தார். கீழே விளக்கில்லாத முதல் தெருவைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி ஜீப்பின் சீட்டில் போட்டுவிட்டு, சட்டைக் கையை மடித்தார்.

"வாய்யா," என்றார். "மூட்டை எங்க இருக்குது?"